எழுபதுக்குத் தொண்ணூறு

அன்புள்ள நிலா,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தா போட்ட அளவில், தாத்தா எடுத்த கல்லில்தான் கிரைண்டர் செய்ய வேண்டும் என்கிறார் அப்பா. அதை நிறுத்திவிட்டு, எல்லாரையும் போல மேசைமேல் வைக்கிற சின்ன கிரைண்டருக்குப் போய்விடலாம் என்பது உன் எண்ணம். யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறாய். உங்கள் பட்டறைக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் நான் வளர்ந்த திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை இந்த இரண்டு வழியிலும் நடந்து பார்த்திருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறேன்.

அது ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் பிறந்த நிறுவனம். முதல் மோட்டார் சைக்கிளை 1901-ல் செய்தது. நம் ராணுவத்துக்கு அதன் 350 சிசி புல்லட் வண்டி வேண்டியிருந்ததால், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே வந்து சேர்ந்தன. ஜப்பான் வண்டிகளின் முன் இங்கிலாந்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோது தாய்க் கம்பெனியும் சாய்ந்தது. 1970-ல் அங்கே உற்பத்தி முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் வந்துகொண்டே இருந்தது.

இங்கிருந்த மகள் கம்பெனி பிழைத்தது திறமையாலா என்றால், அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அது லைசென்ஸ் காலம். வெளிநாட்டு வண்டி உள்ளே வராது. புல்லட், மைசூரில் செய்த ஜாவா, ராஜ்தூத் என்று வாங்குபவருக்கு இருந்த தேர்வு விரல்விட்டு எண்ணக்கூடியது. போட்டி இல்லாத இடத்தில் வண்டியை மாற்றவேண்டிய அவசரமும் இல்லை. 1955-ன் வடிவமே பல பத்தாண்டுகள் ஓடியது. நாம் இன்று பாரம்பரியம் என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு, யாரும் தொடாமல் விட்டதால் மிஞ்சியது. இதை நீ மறக்கக்கூடாது. அப்பாவிடம் சொல்லும்போது மட்டும் பக்குவமாகச் சொல்.

1980களில் கதவு திறந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. எடை குறைவு, பெட்ரோல் மிச்சம், பாதி வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் இல்லை. தினமும் ஆபீஸ் போகிறவருக்கு வேறென்ன வேண்டும்? என்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், ஃப்யூரி என்று சின்ன வண்டிகளைக் கொண்டுவந்தது. டீசலில் ஓடும் புல்லட்டைக்கூடச் செய்தது. எதுவும் நிலைக்கவில்லை. சின்ன வண்டி வேண்டுமென்றால் ஜனம் ஜப்பான் தொழில்நுட்பத்தைத் தேடிப் போனது. அதைப் போலவே ஒன்றை என்ஃபீல்டிடம் வாங்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. உன் யோசனையை நான் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன், நிலா. பழையபடியே இருப்போம் என்ற வழி மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. மைசூர் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது.

1990-ல் ஐஷர் குழுமம் உள்ளே வந்தது. 1994-ல் கம்பெனி முழுவதும் அதன் கைக்குப் போனது. அப்போதும் நஷ்டம் தீரவில்லை. 2000-ல், மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய கம்பெனி 2,000 அளவில்தான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாம் அல்லது விற்றுவிடலாம் என்ற பேச்சு மேலே நடந்தது. குழுமத்தின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்த லால், 26 வயதில், ஒரு வாய்ப்புக் கேட்டு வாங்கிப் பொறுப்பேற்றார். புதிதாகத் திறந்திருந்த ஜெய்ப்பூர் தொழிற்சாலையை மூடினார். 2005-ல் குழுமத்துக்குப் பெயர் வாங்கித் தந்த டிராக்டர் தொழிலையே சென்னையின் டாஃபேவுக்கு விற்றார்கள்.

ஆனால் உனக்குப் பாடம் இருப்பது என்ஜினில். பழைய புல்லட்டில் என்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரும்பு வார்ப்பு சிலிண்டர். இணைப்புகளில் ஆயில் கசியும். நின்ற இடத்தில் சொட்டியிருந்தால் வண்டி யாருடையது என்று தெரிந்துவிடும். கிக்கரை உதைக்கும் முன் ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, பதம் தெரிந்து உதைக்க வேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் பெரும்பாலும் நேர்மாறு. கியரை இடது பக்கம் மாற்றியபோது பழைய புல்லட்காரர்கள் மனம் கசந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே விட்டிருந்தால், அவர்களுக்குப் பிறகு வாங்க ஆளே இருந்திருக்காது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, இரும்பு என்ஜினுக்கும் நாள் நெருங்கியது. 2008-ல் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புதிய அலுமினிய என்ஜின் வந்தது. கசிவு பெரிதும் குறைந்தது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆனது. ஆனால் சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. என்ற பழைய கணக்கை மட்டும் 350-ல் அவர்கள் தொடவில்லை. அந்த நீண்ட ஏற்ற இறக்கத்தில்தான் தெருமுனையிலேயே அடையாளம் தெரியும் அந்த நிதானமான ‘டுப் டுப்’ இருக்கிறது. எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு இந்த இரண்டு எண்களைக் கையில் பிடித்துக்கொண்ட அந்தப் பொறியாளர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது. வாடிக்கையாளர் பொறுத்துக்கொண்டது எது, நேசித்தது எது என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆயில் கசிவைப் பற்றியும் ஆட்கள் பாசத்தோடுதான் பேசுவார்கள். அதனால் குழம்பிப்போவது எளிது.

2009-ல் கிளாசிக் என்ற புது வண்டி வந்தது. அதன்பின் புல்லட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் காலம் வந்தது. 2013-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தார்கள். 2014-ல் 3 லட்சத்துக்கு மேல் விற்று, எண்ணிக்கையில் ஹார்லி டேவிட்சனைத் தாண்டினார்கள்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2018-க்குப் பிறகு விற்பனை சரிந்தது. ஜாவா திரும்ப வந்தது. 2023-ல் பஜாஜ் டிரையம்புடனும், ஹீரோ ஹார்லியுடனும் கைகோத்து 400 சிசி பக்கம் இறங்கினார்கள். இதற்கிடையே என்ஃபீல்டு மறுபடியும் என்ஜினை மாற்றியது. 2020-ல் வந்த மீட்டியரில் அந்த 70-க்கு 90 கணக்கும் போய்விட்டது. அதிர்வை அடக்க உள்ளே ஒரு தண்டு சேர்ந்தது. ஆனாலும் நீண்ட ஏற்ற இறக்கமும் நிதானமும் இருந்தன. 2024-25-ல் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

இப்போது அவர்கள் முன்னால் இருப்பது பேட்டரி வண்டி. ஃபிளையிங் ஃபிளீ என்ற பெயரில் ஒன்றை 2024 நவம்பரில் மிலானில் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய அவர்களின் 125 சிசி வண்டியின் பெயர் அது. பேட்டரி வண்டியில் அந்த என்ஜின் சத்தமே கிடையாது. அப்போது எதைக் கையில் பிடித்துக்கொள்வது என்பதற்கு அவர்களே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் பட்டறைக்கு வருகிறேன். தாத்தாவின் கிரைண்டரை இருபது வருஷமாக வைத்திருக்கும் பத்து வீடுகளுக்கு நீயே போய்விட்டு வா. மாவு அரைக்கும் நேரத்தில் போ. எதைச் சகித்துக்கொள்கிறார்கள் என்று கவனி: தூக்கிக் கழுவுகிற பாரமா, அடைத்துக்கொள்ளும் இடமா, இரைச்சலா? எது போனால் வருந்துவார்கள் என்று தனியாகக் கேள். வாங்காமல் போன ஐந்து இளம் தம்பதிகளையும் தேடிப் போய்ப் பார். அப்பாவையும் ஒரு வீட்டுக்காவது கூட்டிப் போ. உங்கள் எழுபதும் தொண்ணூறும் எது என்று தெரிந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா