காதைக் காப்போம்: வீட்டு ஸ்பீக்கரை எவ்வளவு சத்தமாக வைக்கலாம்?



கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரம். ஒரு காம்பராவில் டிவி, அடுத்ததில் ஸ்பீக்கர் செட்டில் பாட்டு, அதற்கடுத்ததில் போனில் படம். ஒன்றை அமுக்க இன்னொன்றின் சத்தம் கூடுகிறது. பாட்டுக் கேட்பது தப்பில்லை. நாள் முழுக்க மலையில் நின்ற உடம்புக்கு அது ஆறுதல்தான். ஆனால் எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். அது நம் லயத்திலும் இருக்கலாம். தாத்தா தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கம் முப்பது வருஷம் வேலை செய்தவர். இப்போது டிவியைக் கூட்டி வைத்துத்தான் பார்ப்பார்.

“மாமா, கொஞ்சம் கொறைங்களேன். புள்ளைக்குப் பரீட்சை வருது” என்பாள் மருமகள்.

“கொறைச்சா எனக்குச் சத்தம் கேக்குது புள்ள, பேச்சு வெளங்கலயே” என்பார் தாத்தா.

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. மெஷின் சத்தத்தில் பழுதான காதுக்கு அப்படித்தான் இருக்கும். இங்கே கவலை தாத்தாவைப் பற்றி மட்டுமல்ல. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பேரனின் காதுக்கும் அதே கதி வரலாம்.

காதுக்குள் நடப்பது என்ன?

சத்தம் காதுச் சவ்வைத் தட்டுகிறது. அதற்குப் பின்னால் உள்ள மூன்று சின்ன எலும்புகள் அந்த அதிர்வை உள்ளே கடத்துகின்றன. உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதில் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள் இருக்கின்றன. அவைதான் சத்தத்தை மூளைக்கு அறிவிக்கின்றன. பெரிய சத்தம் தொடர்ந்து அடித்தால் அவை களைத்து, பிறகு செத்துப்போகும். கவ்வாத்து வெட்டின தேயிலை மறுபடி துளிர்க்கும். இந்தச் செல்கள் துளிர்க்காது. இவற்றை முளைக்க வைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது.

முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ‘ச’, ‘ப’, ‘க’ போன்ற எழுத்துகள் சரியாகப் பிடிபடாது. அதனால்தான் “கேக்குது, வெளங்கல” என்கிறார்கள்.

அளவு என்ன?

சத்தத்தை டெசிபெல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60. உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாராந்த எல்லை இது:

80 டெசிபெல்: வாரத்துக்கு 40 மணித்தியாலம்
85 டெசிபெல்: 12 மணித்தியாலம் 30 நிமிடம்
90 டெசிபெல்: 4 மணித்தியாலம்
95 டெசிபெல்: 1 மணித்தியாலம் 15 நிமிடம்
100 டெசிபெல்: 20 நிமிடம் மட்டும்

பிள்ளைகளுக்கு 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபெல்தான் எல்லை. 3 டெசிபெல் கூடினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்காகும், கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். ஸ்டோரில் மெஷின் பக்கம் வேலை செய்பவரின் காது அங்கேயே நிறையச் சத்தத்தை வாங்கிவிடும். அவர் வீட்டிலும் செட்டைக் கூட்டி வைத்தால் அந்தக் காதுக்கு ஓய்வே இல்லை. வேலையில் காதுக் கவசம் கேட்டு வாங்கிப் போடுங்கள். பஞ்சு வைத்தால் போதாது.

கருவி இல்லாமல் அறிவது எப்படி?

ஒரு கை எட்டும் தூரத்தில் இருப்பவரோடு உரக்கக் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அங்கே சத்தம் ஏறக்குறைய 85ஐத் தாண்டிவிட்டது. பாட்டு நின்ற பிறகு காதுக்குள் “ஙொய்” என்று இரைந்தாலோ, அடைத்த மாதிரி இருந்தாலோ, காது அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். சத்தத்தை அளக்கும் செயலிகள் போனில் உண்டு. அவை ஏறக்குறைய அளவு காட்டும்.

நம் காம்பராவில் செய்யக்கூடியவை

1. வொலியூமுக்கு ஒரு பொட்டு. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது விளங்கும் அளவுக்கு வொலியூமைக் குறையுங்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். டிவி என்றால் திரையில் தெரியும் இலக்கத்தை நினைவில் வையுங்கள். பொட்டைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

2. மழையைக் கவனியுங்கள். தகரத்தில் மழை கொட்டும்போது நாம் வொலியூமைக் கூட்டுகிறோம். மழை விட்ட பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம். மழை விட்டதும் கை பொட்டுக்குத் திரும்பட்டும்.

3. ஸ்பீக்கரை இடம் மாற்றுங்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். சின்னக் காம்பராவிலோ சுவரும் தகரமும் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் அந்த அளவுக்குக் குறையாது. மூலையில் வைத்தால் ‘டும் டும்’ சத்தம் இன்னும் கூடும். மூலையையும் அடுத்த வீட்டுச் சுவரையும் விட்டுத் தள்ளி வையுங்கள். தொட்டில் பிள்ளையும் படிக்கிற பிள்ளையும் ஸ்பீக்கருக்கு எதிரே இருக்கக் கூடாது.

4. தாத்தாவின் நாற்காலியை டிவிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். வொலியூமைக் கூட்டாமலே அவருக்குக் கூடுதலாகக் கேட்கும்.

5. ஹெட்போனில் முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். இடையிடையே கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

திருமண வீடு, திருவிழா என்றால் பிள்ளைகளைப் பெரிய பொக்ஸுகளுக்கு முன்னால் நிற்க விடாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் சுவருக்கு அந்தப் பக்கம் விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர் தூங்குகிறார் என்பதை மறக்காதிருப்போம்.

எப்போது டொக்டரிடம் போவது?

பேச்சு விளங்காமை, விடாத இரைச்சல், பிள்ளை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமை, காதில் சீழ். இவற்றில் எது இருந்தாலும் தோட்ட வைத்திய நிலையத்தில் சொல்லுங்கள். காது கிளினிக் உள்ள அரசாங்க வைத்தியசாலைக்குத் துண்டு வாங்கிப் போங்கள். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். நாள் கடந்தால் வைத்தியம் பலிப்பது கடினம். தாத்தாவைப் போன்றவர்களும் “வயசுதானே” என்று விட்டுவிடக் கூடாது. பரிசோதித்துக் காது கேட்கும் கருவி போட்டால் பேரனின் பேச்சு அவருக்கும் விளங்கக்கூடும்.

குடும்பத்தோடு பேசிப் பார்ப்போம்

நம் வீட்டில் வொலியூமை அதிகமாகக் கூட்டுவது யார்? ஏன் கூட்டுகிறார்? ஸ்பீக்கருக்கு மிகக் கிட்ட இருக்கும் பிள்ளை எது? பொட்டை எங்கே ஒட்டலாம்?

இன்றைக்கு இரவே ஒட்டிவிடுவோம். செட் பழுதானால் வேறொன்று வாங்கலாம். காதை வாங்க முடியாது.