பொருளோடு கூடிய நகைமொழி: கணினி வலைக்குழுக்களின் வழக்காற்றில் நகையும் தொழிலறிவும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி வலையமைப்பின்வழி ஒன்றிணைந்த குழுக்களில் நகையும் தொழிலறிவும் ஒருங்கே பகிரப்படுகின்றன. நகையைப் பொழுதுபோக்காகவும் தொழிலறிவைப் பயனாகவும் பிரித்துக் காண்பதே பெருவழக்கு. இக்கட்டுரை தொல்காப்பியத்தின் செய்யுளியல், மெய்ப்பாட்டியல் ஆகிய இயல்கள் தரும் கருத்தாக்கங்களைக் கொண்டு இக்குழுக்களின் நான்கு வழக்காறுகளை ஆராய்கிறது. நகை அறிவைக் காக்கவும் கற்பிக்கவும் சோதிக்கவும் பயன்படுகிறது என்பதும், அறிவினின்று அறுபடும் நகை தீங்காக முடிகிறது என்பதும் இதன்வழி விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நகை, மெய்ப்பாடு, அங்கதம், தொழிற்குழு வழக்காறு, வலைக்குழு, தொல்காப்பியம்.

முன்னுரை

நாட்டார் என்னும் சொல் நாட்டுப்புற உழவர் சமூகத்தை மட்டுமே குறிக்கும் என்ற கருத்தை அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர் ஆலன் டண்டிஸ் மறுத்தார். ஏதேனும் ஒரு பொதுக்கூறையேனும் பகிர்ந்துகொள்ளும் எக்குழுவும் நாட்டாரே என்பது அவர் கொள்கை. அலுவலகங்களில் படியெடுத்துக் கைமாற்றப்பட்ட நகைத்தாள்களை அவரும் கார்ல் பாக்டரும் 1975இல் வழக்காறாகத் தொகுத்து வெளியிட்டனர். அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ராஃபேல் ஃபிங்கல், கணினி வல்லுநர்களின் குழூஉக்குறிகளைத் தொகுக்கத் தொடங்கினார். ‘ஜார்கன் ஃபைல்’ எனப்பட்ட அத்தொகுப்பு வலையமைப்பின்வழிப் பலர் கைபட்டு வளர்ந்து, 1983இல் நூல்வடிவம் பெற்றது. சொற்பொருளும் வேடிக்கைக் கதையும் தொழில்நுணுக்கமும் அதில் கலந்தே காணப்படுகின்றன. இக்கலப்பு தற்செயலானதா, அன்றி அக்குழுக்களின் அறிவு இயங்கும் முறையே அதுதானா என்பது இக்கட்டுரையின் வினா.

கோட்பாட்டு அடிப்படை

தொல்காப்பியர் யாப்பின் வழிப்பட்டவற்றைப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழாக வகுக்கிறார். அறிவைத் தொகுத்துரைக்கும் நூலும், வியப்பும் நகையும் விளைக்கும் பிசியும் அங்கதமும் இங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. உரையின் நான்கு வகைகளைச் சொல்லுமிடத்து, பொருள் சாராப் பொய்மொழியையும் பொருளோடு கூடிய நகைமொழியையும் அவர் தனித்தனி வகைகளாகப் பிரிக்கிறார். பொய் என்று தள்ளப்படாமல், மெய்யாக நின்றே நகைக்குக் காரணமாவது பின்னது எனப் பேராசிரியர் விளக்கி, சிறுகுரீஇ உரையையும் தந்திர வாக்கியத்தையும் அதற்குச் சான்றாகச் சுட்டுகிறார்.

மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன் என்கிறது. பேதைமை என்பது அறிவின்மை. பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல் மடன் என உரையாசிரியர்கள் வேறுபடுத்துவர். இவை இலக்கியத்திற்கு உரியனவாகச் சொல்லப்பட்டவை எனினும், நகை எதன்மேல் எழுகிறது என்று வினவும் இப்பகுப்பு தொழிற்குழு வழக்காறுகளை ஆராயவும் துணைபுரிகிறது.

மெய் இல்லா இடத்தில் மெய்ப்பாடு

1982ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில் ஓர் இயற்பியல் புதிர் விவாதிக்கப்பட்டது. மின்தூக்கி ஒன்றின் கம்பிவடம் அறுந்து அது தடையின்றி விழுமாயின், உள்ளே எரியும் மெழுகுவத்தியும் தரையிலுள்ள பாதரசத் துளியும் என்னவாகும் என்பது அப்புதிர். அதன் தொடர்ச்சியாக, இயற்பியல் சோதனை ஒன்றினால் மின்தூக்கியில் பாதரசம் படிந்துவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எச்சரிக்கை எழுதினார். முந்தைய உரையாடலை அறியாதோர் அதை மெய்யான எச்சரிக்கையாகவே கொண்டனர்.

இக்குழப்பத்தைத் தவிர்க்க நகைக்குறிப்புகளுக்கு அடையாளம் இடவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுப் பக்கவாட்டில் நோக்கினால் சிரித்த முகமாகத் தோன்றும் குறியை முன்மொழிந்தார். இன்றைய போக்கை நோக்கினால் நகையல்லாதவற்றுக்குக் குறியிடுவதே சிக்கனம் என்று கூறி, அடைப்பைத் திருப்பிய சுளித்த முகத்தையும் உடன் தந்தார். எனவே, குறியை அறிமுகப்படுத்திய குறிப்பிலும் நகை கலந்திருந்தது.

உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு. திரையில் எழுத்து மட்டுமே உண்டு. முகமும் குரலும் இல்லை. நகைமொழியும் எச்சரிக்கையும் அங்கு ஒரே தோற்றம் கொள்கின்றன. பயனுள்ள அறிவுரையை வேடிக்கை என ஒதுக்கவும், வேடிக்கையை அறிவுரை எனப் பின்பற்றவும் இது இடந்தருகிறது. ஃபால்மனின் குறி, இழந்த மெய்யை எழுத்தில் மீட்கும் முயற்சியாகும். அதன் பணி அழகூட்டல் அன்று, பொருளைக் காத்தலே.

மந்திர விசை: பேதைமை வழி எழும் நகை

ஜார்கன் ஃபைலில் கை ஸ்டீல் கூறும் கதை ஒன்று உண்டு. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் பி.டி.பி.-10 கணினிப் பெட்டகத்தில் யாரோ ஒட்டிவைத்த சிறு விசை ஒன்று காணப்பட்டது. அதன் இரு நிலைகளுக்கும் ‘மந்திரம்’, ‘மேலும் மந்திரம்’ எனப் பெயர் எழுதப்பட்டிருந்தது. விசையில் ஒரே ஒரு கம்பிதான் இணைந்திருந்தது. மின்சுற்று நிறைவுற இரு கம்பிகள் வேண்டும். ஆதலின் இவ்விசை எதையும் செய்ய இயலாது எனத் துணிந்து அதைத் திருப்பினர். கணினி உடனே நின்றுவிட்டது.

இக்கதைக்கு நகைப்பவர் மின்சுற்றின் அடிப்படையை அறிந்தவராக இருத்தல் வேண்டும். அறியாதவர்க்கு இது வெறும் நிகழ்ச்சி. இங்கு நகை பிறர் பேதைமையின் மேல் எழவில்லை. அறிந்தோம் என்று துணிந்தவர் தம் பேதைமையைத் தாமே கண்டு நகைக்கின்றனர். கதையின் பின்னிணைப்பு, விசையின் உலோக உறை பெட்டகத்தோடு தொட்டிருந்திருக்கலாம் என்றும், பெட்டகத்தின் நிலஇணைப்பும் சுற்றின் நிலஇணைப்பும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லாமையால் திருப்பியபோது கணினி தடுமாறியிருக்கலாம் என்றும் உரைக்கிறது. பாடநூலில் எளிதில் மறந்துபோகும் ஒரு நுட்பம் கதையோடு ஒட்டி நினைவில் நிற்கிறது.

புறாவழிச் செய்தி: மடன் வழி எழும் நகை

இணையத்தின் செய்முறை விதிகள் ஆர்.எஃப்.சி. எனப்படும் வரிசை ஆவணங்களாக 1969 முதல் வெளிவருகின்றன. 1990 ஏப்ரல் 1ஆம் நாள் டேவிட் வெயிட்ஸ்மன் எழுதிய 1149ஆம் ஆவணம், தரவுப் பொதிகளைப் பறவைகள்வழி அனுப்பும் விதியை வகுத்தது. பொதியைத் தாளில் அச்சிட்டுப் பறவையின் காலில் சுற்றவேண்டும். ஒரு பொதியின் பேரளவு வழக்கமாக 256 மில்லிகிராம். பறவையின் அகவை கூடக்கூட அது பெருகும் என்பன அதன் விதிகளுள் சில.

வழக்கமாகப் பைட்டில் சொல்லப்படும் அளவு இங்கு எடையாக மாறுகிறது. 256 என்பதும் கணினியர்க்குப் பழகிய எண்ணே. ஆவணத்தின் நடை, அமைப்பு, கலைச்சொல் ஆகியவற்றில் இம்மியும் பிறழ்வில்லை. கற்ற வடிவத்தை எவ்விடத்தும் கைவிடாத இந்நிலையே மடன். நகை அதிலிருந்தே பிறக்கிறது. எனினும் ஆவணம் ஓர் உண்மையைக் கற்பிக்கிறது: வலைநெறி தன்னைச் சுமக்கும் ஊடகத்தைச் சாராதது. 2001 ஏப்ரல் 28ஆம் நாள் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் பயனர் குழுவினர் புறாக்களைக் கொண்டு இவ்விதியை நடைமுறைப்படுத்தினர். அனுப்பிய 9 பொதிகளுள் 4க்கு மறுமொழி கிடைத்தது. விரைவான மறுமொழிக்கே ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆயின. பொய்யெனத் தள்ளப்படாமல் மெய்யாக நின்று நகை விளைத்தல் என்னும் பேராசிரியர் விளக்கத்துக்கு இதனினும் பொருந்திய சான்று அரிது.

தேநீர்க் கெண்டி: பழிகரப்பு அங்கதம்

அங்கதம் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படும். 1998 ஏப்ரல் 1ஆம் நாள் லாரி மாசின்டர் வெளியிட்ட 2324ஆம் ஆவணம் காப்பிக் கலங்களை வலைவழி இயக்கும் நெறியை வகுத்தது. தேநீர்க் கெண்டியிடம் காப்பி கேட்டால், ‘நான் தேநீர்க் கெண்டி’ என்னும் பொருள்தரும் 418ஆம் பிழைக்குறி விடையாக வரவேண்டும் என்றது. வலைப்பக்க நெறியைப் பொருந்தாத பயன்களுக்கெல்லாம் நீட்டித்தவர்களை இது வெளிப்படையாகப் பழிக்கவில்லை. அவர்கள் செய்ததையே செய்து காட்டிப் பழியை உள்ளே கரந்து வைக்கிறது.

இந்நகையின் பின்வரலாறும் கருதத்தக்கது. நிரலாளர் பலர் 418ஐ விளையாட்டாகத் தம் மென்பொருள்களில் சேர்த்தனர். 2022இல் வெளியான முறையான நெறி ஆவணம், நகையாகப் பரவிவிட்டமையால் அவ்வெண்ணை வேறெதற்கும் பயன்படுத்த இயலாது என ஏற்று அதனை ஒதுக்கீடு செய்தது. நெறியை எள்ளிய நகை, நெறியின் ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டது.

பொருள் அறுந்த நகை

இவ்வழக்காறுகளுக்கு மறுபக்கமும் உண்டு. கணினி மெதுவாக இயங்குகிறது என்று உதவி கேட்கும் புதியவரிடம், விண்டோஸ் இயங்குதளத்தின் ‘சிஸ்டம்32’ கோப்புறையை அழித்துவிடச் சொல்வது வலைக்குழுக்களில் பரவிய ஒரு வேடிக்கை. இயங்குதளத்திற்கு இன்றியமையாத கோப்புகள் அதில் உள்ளன என்பதை அறிந்தவர் நகைப்பர். அறியாதவர் அறிவுரையைப் பின்பற்றித் தம் கணினியை முடக்கிக்கொள்வர்.

மந்திர விசைக் கதையிலும் அறியாமையே நகைக்களன், இங்கும் அதுவே. ஆயின் அங்குக் கதையின் முடிவில் கேட்பவர் ஒன்றைக் கற்கிறார். இங்குக் கற்காமலே இழக்கிறார். உதவியின் வடிவைப் பூண்டிருப்பினும் இது பொருள் சாராப் பொய்மொழியே. எள்ளல் மட்டும் எஞ்சி அறிவு நீங்கிவிடுகிறது. உதவி கேட்டவர் அடுத்தமுறை கேட்கத் தயங்குவாராயின், குழுவின் அறிவுப் பகிர்வே நலிவுறும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. வலைக்குழுக்களில் நகை தொழிலறிவின் புறவணி அன்று. அறிவை நினைவில் நிறுத்தும் வடிவம். நகைத்தல், அறிந்தமைக்குச் சான்றாகவும் அமைகிறது.

2. பேதைமை, மடன், அங்கதம் ஆகிய கருத்தாக்கங்கள் இந்நகையின் வேறுபட்ட இயக்கங்களைப் பிரித்தறிய உதவுகின்றன.

3. ஃபால்மனின் குறி, மெய்யற்ற ஊடகத்தில் மெய்ப்பாட்டின் தேவையை உணர்த்துகிறது.

4. கேட்பவரை அறிவுக்குள் அழைப்பது பொருளோடு கூடிய நகைமொழி. அவரது அறியாமையைப் பயன்கொண்டு வெளியே நிறுத்துவது பொய்மொழி. இரண்டையும் பிரிக்கும் அளவுகோல் சிரிப்பின் அளவன்று. சிரிப்புக்குப்பின் கேட்பவர் கையில் எஞ்சுவது யாது என்பதே.

தமிழில் இயங்கும் தொழிற்குழுக்களின் நகைவழக்குகளையும் இவ்வளவுகோல் கொண்டு தொகுத்து ஆராய்வது, நாட்டார் வழக்காற்றியலும் இலக்கணக் கோட்பாடும் சந்திக்கும் பயனுள்ள களமாக அமையும்.