ஒழுங்கை யாருடையது?

கேள்வி: கண்டி நகரை அடுத்து வசிக்கிறோம். பக்கத்து வெறுங்காணிக்காரர் வெளிநாட்டில். மூன்று வருடமாக அக்கம்பக்கத்தார் சொப்பிங் பைகளில் குப்பை கட்டி அதில் வீசுகிறார்கள். குரங்கு கிழித்து இழுக்கிறது. மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் பாடசாலைப் பிள்ளைகள் நடக்கும் ஒழுங்கையில் ஓடுகிறது. தரம் பிரிக்காத குப்பையைச் சபை லொறி எடுப்பதில்லை. பலமுறை வாயால் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை நானே கொளுத்தினேன். அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா?
– வாசகர், கண்டி

பதில்: கொஹாகொட குப்பைமேட்டின் அழுக்கு நீர் மகாவலிக்குப் போவது பற்றியும், 2017இல் மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டது பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆதங்கம் நியாயம்தான். உங்கள் வழக்குக்கு அது உதவாது.

அரசியலமைப்பின் 126(2) உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். மூன்று வருடம் கழித்து, அதுவும் அயலவர் வீசிய குப்பைக்காக, அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. பொதுமக்கள் பாவிக்கும் வழியில் தொல்லை இருந்தால், அதை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்த ஒழுங்கை பொதுவழியா, உறுதியில் எழுதிய தனிவழியா? பொதுவழி என்றால் நீதவானிடம் போகலாம். தனிவழி என்றால் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத்தான்.

இதைச் சொல்ல எனக்கு உறுதியும் நில அளவைப் படமும் வேண்டும். நீங்கள் அனுப்பியது கைபேசியில் எடுத்த பதினொரு குரங்குப் படங்கள்! ஒன்றிலும் திகதி இல்லை. மூன்று வருடத்தில் ஒரு பதிவுத் தபால்கூடவா போடவில்லை? "வாயால் சொன்னேன்" என்பதை எந்த நீதிமன்றத்தில் கோவைப்படுத்துவது? இன்றே சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுதிக் கொடுத்து, பிரதியில் கிடைத்த திகதி முத்திரை வாங்குங்கள். வீட்டுக் குப்பை அகற்றுவது மாநகர சபையானாலும் பிரதேச சபையானாலும் சட்டப்படி அதன் கடமை. எந்தச் சபை என்பது உங்கள் வரித்துண்டிலேயே இருக்கும். நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காணிக்காரரைப் பிடிக்கும். உங்கள் முற்றத்துச் சிரட்டையையும் கவிழ்த்து வையுங்கள்.

கொளுத்திய கதையை இனி யாருக்கும் எழுதாதீர்கள், மறுபடி செய்யவும் வேண்டாம். புகை குறித்து முறைப்பாடு வந்தால் எதிராளி நீங்கள்தான்.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. ஆவணங்களோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். வசதி இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்துக்குப் போங்கள். உறுதியை மறக்காமல்.