வயலேடும் கணினி ஏடும்

செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இடாது விளைவித்த பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்போர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உளர். ஆயினும், ஒரு பொருளைக் கண்ணால் நோக்கி, அது எவ்வாறு விளைந்தது என எவரும் கூற இயலாது. இருவகை மஞ்சளையும் அருகருகே வைத்தால் நமக்கே வேறுபாடு தெரியாது. ஆகவே, வயல் முதல் வாங்குவோர் கை வரை பொருள் கடந்து வந்த வழியைக் கணினியில் பதிந்து காட்டும் முறை ஏற்பட்டுள்ளது. இம்முறை கிராமங்களில் வேரூன்றத் தடையாயிருப்பவை எவை, அவற்றை எங்ஙனம் நீக்கலாம் என்பதை ஆராய்வோம்.

திராட்சை கற்பித்த பாடம்

2003-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. அதன் பயனாக 2006-இல் 'கிரேப்நெட்' என்னும் கணினி முறை தோன்றிற்று. மகாராஷ்டிர விவசாயிகள் தம் தோட்டங்களைப் பதிவு செய்தனர். அதிகாரிகள் தோட்டத்திற்கே வந்து பார்வையிட்டனர். ஆய்வுக்கூடச் சான்று பெற்ற திராட்சையே ஏற்றுமதியாயிற்று. இதனையொட்டி, அங்கக விளைபொருள்களுக்கு 'டிரேஸ்நெட்' முறை 2010-இல் வந்தது. விவசாயியின் பெயர், நிலத்தின் பரப்பு, பயிர், விளைச்சல் யாவும் இதில் பதியப்படுகின்றன.

தடைகள் யாவை?

முதலாவது, பெயர்க் குழப்பம். பட்டா பாட்டனார் பெயரில் இருக்கிறது. ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஊரார்க்கு இவர் ஒருவரே, கணினிக்கோ மூவர்.

இரண்டாவது, வயலேடு இன்மை. விதைத்த நாள், இட்ட எரு, அறுத்த அளவு ஆகியவற்றை அன்றன்று எழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஆண்டிறுதியில் நினைவிலிருந்து சொல்லி எழுதியதைக் கணினியில் ஏற்றினால், அது பிழையையே விரைந்து பரப்பும்.

மூன்றாவது, கருவி கைக்கெட்டாமை. வீட்டுக் கைப்பேசி நகரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. பதிவுக்குரிய ரகசிய எண் அங்கே போய்ச் சேர்கிறது. வயலில் உழைக்கும் தாய்க்கு அது பயன்படுவதில்லை.

நான்காவதே பெருந்தடை. எழுதும் உழைப்பு விவசாயியினுடையது. பயனோ பல இடங்களில் வேறொருவருக்குச் செல்கிறது. குழுச் சான்று வாங்கும் நிறுவனத்தின் பெயரில் இருப்பின், விவசாயி தன் விளைபொருளை வேறொருவருக்கு அங்ககப் பொருளாக விற்க இயலாது. தனக்குப் பயனில்லாத கணக்கை எவர்தாம் விரும்பி எழுதுவர்?

நாம் கண்டது

நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மஞ்சள் பயிரிடுவோர் சிலர் குழுவாக இணைந்தனர். அவர்களுள் முதியவர் ஒருவர் விதிகளைப் பிறரினும் கவனமாகக் கடைப்பிடித்தவர். எனினும், பட்டாவில் பெயர் மாறாமையால் அவர் நிலம் பதிவாகவில்லை. அவ்வாண்டு அவரது மஞ்சள் பொதுக் குவியலில், பொது விலைக்கே போயிற்று. “மண்ணுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியவில்லை” என்றார் அவர். பெயர் மாற்றத்திற்கு மனு எழுத நாம் முன்னரே உதவியிருக்கலாம். அவ்வாறு செய்யாதது நமது குறையே.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை பல உள. கிராம நிர்வாக அலுவலரை அழைத்துப் பட்டாப் பெயர்களைச் சரிபார்க்கும் நாள் ஒன்று குறிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, வாரம் ஒருமுறை வயலேடுகளை நிரப்பச் செய்யலாம். உள்நாட்டுச் சந்தைக்கு, விவசாயிகளே குழுவாகக் கூடி ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை உண்டு. ஐவர் சேர்ந்தாலே அதனைத் தொடங்கலாம். ஏற்றுமதிச் சான்று பற்றி நமது மாநில விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையினரைக் கேட்டறியலாம்.

எந்தக் குழுவிலும் கையொப்பமிடுமுன் விவசாயிகள் மூன்று வினாக்களைத் தவறாது கேட்க வேண்டும். சான்று யார் பெயரில் இருக்கும்? கூடுதல் விலை எவ்வளவு, எப்போது கிடைக்கும்? நம் கணக்கை நாம் பார்க்க இயலுமா? விடைகளை எழுத்தில் பெறுதல் நலம்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும், அதனை அன்றன்று எழுதும் பழக்கமும் இருப்பின், தொடக்கத்திற்கு அவையே போதும்.