ஏரியின் கரை எங்கே முடிகிறது?

பெங்களூரு நகரின் வழியாக வற்றாத பேராறு எதுவும் ஓடவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின் மீது அமைந்த ஊர் அது. அங்கு விழும் மழை முகட்டின் இருபுறமும் இறங்கி ஓடிவிடும். ஆகவே முன்னோர் பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண் கரைகளை எழுப்பி, படிப்படியாக ஏரிகளை அமைத்தனர். மேல் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர், ராஜகாலுவே எனப்படும் பெரிய கால்வாய் வழியாகக் கீழ் ஏரியைச் சென்றடையும். மதகைத் திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்டவர் கன்னட நாட்டில் நீருகண்டி. நம் ஊர்ப்பக்கத்து நீர்க்கட்டியும் அவரும் ஒரே தொழிலினர்.

காவிரி நீர் குழாய் வழியாக நகருக்கு வந்தது. வயல்கள் மனைகளாயின. நீருகண்டிக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஏரிக்கு அரசுத் துறைகளில் உரிமையாளர் இருந்தனர். அன்றாடம் அதைப் பார்த்துக்கொள்பவர்தாம் இல்லை. ஏரி பாதுகாப்பு என்று இன்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சியே.

இங்கே ஒரு பாடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். ஏரி என்றவுடன் நடுவில் பளபளக்கும் நீர்ப்பரப்பே நம் கண்ணுக்குப் படுகிறது. ஆனால் ஏரியின் உயிர் பெரும்பாலும் அதன் விளிம்பில் இருக்கிறது. ஆழம் குறைந்த அப்பகுதியில் வெயில் அடிமண் வரை இறங்கும். கோரையும் சம்பும் வேர் பிடிக்கும். அவற்றின் தண்டுகளுக்கிடையே மீன்கள் முட்டையிடுகின்றன. தும்பியின் இளம்புழுக்கள் கொசுப்புழுக்களைத் தின்று வளர்கின்றன. மடையானும் தாழைக்கோழியும் இரை தேடுவது அங்கேதான். கழிவுநீரோடு வரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு உறிஞ்சி வடிகட்டுவதும் அவ்விளிம்பே. இதை அறியாமல், ‘அழகுபடுத்துதல்’ என்ற பெயரில் சுற்றிலும் செங்குத்தான கல்சுவர் எழுப்பி நடைபாதை அமைத்துவிட்டால், ஏரி வெறும் தொட்டியாகிவிடும். நடைபயில வருவோருக்கு அது பார்வைக்கு இனிது; பறவைக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை.

தெற்கு பெங்களூருவின் புட்டேனஹள்ளி ஏரி சிறியது. 13 ஏக்கரைச் சற்றே தாண்டும். சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து, மழைநீர் வரும் வழிகள் அடைபட்டிருந்தன. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் 2010-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். அடுத்த ஆண்டே மாநகராட்சியுடன் பராமரிப்பு உடன்படிக்கை செய்துகொண்டனர். உரிமை மாநகராட்சிக்கு, பேணும் பொறுப்பு அறக்கட்டளைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் குப்பை பொறுக்கி, படம் எடுத்துக்கொண்டு கலைவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த எழுத்துப் பத்திரத்தில் இருக்கிறது. களை எடுப்பதற்கும் காவலாளியின் ஊதியத்திற்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். தொடக்க முதலீட்டைக் காட்டிலும் தொடர்செலவே ஒரு திட்டத்தைச் சோதிக்கும் என்பது வங்கியாளர்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று.

வடக்கே ஜக்கூர் ஏரி ஏறத்தாழ 160 ஏக்கர் பரப்புடையது. அதன் மேல்புறத்தில், நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து வெளிவரும் நீர் நேரே ஏரியில் விழுவதில்லை. நீர்த்தாவரங்கள் செறிந்த செயற்கைச் சதுப்பு ஒன்றைக் கடந்து, எஞ்சிய சத்துகளை அங்கே விட்டுவிட்டு ஏரியை அடைகிறது. கோடையிலும் ஏரியில் நீர் நிற்பதற்கு இவ்வரத்தே காரணம். மீன் பிடிப்போரும் புல் அறுப்போரும் அதை நம்பி வாழ்கின்றனர். கழிவுநீரின் அளவு நிலையத்தின் கொள்ளளவை மீறினாலோ, சதுப்பின் களைகளை உரிய காலத்தில் அறுக்காவிட்டாலோ, மறுகணமே நீரின் தன்மை கெடத் தொடங்கும். அதைக் கண்காணித்து அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லும் பணியைத்தான் அங்குள்ள குடிமக்கள் ஏற்றிருக்கின்றனர்.

எல்லா இடத்திலும் மக்கள் முயற்சியே போதும் என்று நாம் சொல்ல முன்வரவில்லை. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றியதையும், அதன் நுரை சாலையில் பறந்ததையும் நாடே கண்டது. நகரின் பெரும்பகுதிக் கழிவுநீர் வந்து சேரும் ஏரியை ஒரு தெருவின் தன்னார்வலர்கள் மீட்க இயலாது. அந்த நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கும் நுரை பொங்கியது தமிழக வாசகர்கள் அறிந்ததே.

இனி, மனை வாங்கவிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி. மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் பதிவாயின, அவற்றுள் 1.6 விழுக்காடு ஆக்கிரமிக்கப்பட்டவை. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்திற்கென மனிதர் வெட்டிய ஏரிகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. எனவே பெரும்பாலான ஏரிகளுக்கு அரண், வருவாய்ப் பதிவேடுகளும் உள்ளூர்த் திட்ட விதிகளும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே. பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது: நெடுங்காலம் குடியிருந்ததோ, பெரும்பொருள் செலவிட்டுக் கட்டியதோ ஆக்கிரமிப்புக்கு நியாயமாகாது.

பெங்களூருவில் ஏரியிலிருந்து 75 மீட்டர் விடவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் ஆணையிட்டது; 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, நகரத் திட்டத்தில் உள்ள அளவையே நிலைநிறுத்தியது. விதி மாறக்கூடியது. ஆகவே வாங்கும் நாளில் நடப்பிலுள்ள அளவைத் திட்டக் குழுமத்தில் கேட்டறிய வேண்டும். கிரயப் பத்திரத்தோடு கிராம வரைபடத்தையும் வாங்கி, மனையின் சர்வே எண் மீதோ அதன் ஓரத்திலோ கால்வாய்க் கோடு செல்கிறதா என்று பாருங்கள். தரையில் இன்று கால்வாயே தென்படாமல் இருக்கலாம். வரைபடத்தில் அது அப்படியே இருக்கும்.