கடைக்காரரின் இலக்கத்தில் உங்கள் ஈமெயில்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் போய் நிற்பது கொமினிக்கேசன் கடை வாசலில். பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஈமெயில் முகவரி கேட்பார்கள். "அண்ணை, எனக்கும் ஒரு ஈமெயில் திறந்து தாங்கோ" என்றால் ஐந்து நிமிடத்தில் முகவரி எழுதிய துண்டு கைக்கு வந்துவிடும்.

"கடையில் திறந்தது போதும், தேவையெண்டால் அங்கையே போய்ப் பார்க்கலாம்" என்று பலர் நம்புகிறார்கள். கடைக்காரர் உதவிதான் செய்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவசரத்தில் அவர் தன் போன் இலக்கத்தையே கொடுத்துவிடுகிறார். பிறகு கடவுச்சொல் மறந்தால், கூகுள் அனுப்பும் சோதனை இலக்கம் அவருடைய போனுக்குத்தான் போகும். ஒரு பிள்ளையோடு அரைநாள் இருந்து போராடியிருக்கிறேன். கடை பூட்டியாயிற்று, கடைக்காரரின் போன் இலக்கமும் வேலை செய்யவில்லை. நேர்முகத்தேர்வுக் கடிதம் உள்ளே கிடந்தது. கடைசிவரை திறக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிள்ளையிடம் போன் இல்லையா, தாயின் இலக்கத்தைக் கொடுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையே தட்டட்டும். வீட்டுக்கு வந்ததும் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால், எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும். கடைக் கணினி அதில் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.

"போன் துலைஞ்சால் மெயிலும் போச்சு" என்பது சரியல்ல. ஜிமெயில் கடிதங்கள் கூகுளின் கணினிகளில் இருக்கின்றன. போன் அவற்றைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. பழைய பொப் முறையில் கடிதங்களைக் கணினிக்கு இறக்கி, மூலத்தை அழித்துவிட்டவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. கடிதங்களைக் கூகுளிலேயே வைத்துப் பார்க்கும் ஐமெப் முறையில் அது இல்லை.

வெளிநாடு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். "அதே போன், அதே மெயில், என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். வவுனியா அலுவலகத்தில் கடவுச்சீட்டு எடுத்து, கட்டாரில் இறங்கி, இலங்கைச் சிம்மைக் கழற்றி உள்ளூர்ச் சிம் போடுகிறார் ஒருவர். போன் பழுதாகிப் புதுப்போனில் கணக்கைத் திறக்கப் பார்க்கும்போது, சோதனை இலக்கம் கழற்றி வைத்த சிம்முக்குப் போகிறது. நெடுநாள் பாவிக்காத சிம் துண்டிக்கப்பட்டு அந்த இலக்கம் வேறொருவர் கைக்கும் போகலாம். அதனால் புறப்படுமுன், கடவுச்சொல்லோடு சோதனை இலக்கமும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஒரு தடவைதான் செல்லும். ஒரு பிரதி கடவுச்சீட்டோடு, இன்னொன்று வீட்டில் நம்பிக்கையான ஆளிடம். சோதனை இலக்கத்தைப் போனிலேயே உண்டாக்கும் ஓதென்டிகேட்டர் செயலிக்குச் சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். போய்ச் சேர்ந்து, பழைய போன் கையில் இருக்கும்போதே புது இலக்கத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டுப் பாதையில் மெயில் எழுதமுடியாது என்பதும் தவறு. ஜிமெயில் செயலியில் எழுதி அனுப்பலாம். அது வெளிப்பெட்டியில் காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் தானாகவே போய்விடும்.

"ஒருக்கால் திறந்தால் எப்பவும் இருக்கும்" என்று நினைத்து, விண்ணப்பம் போட்டபின் கணக்கை மறந்துவிடுபவர்களும் உண்டு. 2 வருடம் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியிருக்கிறது. கடிதங்களோடு அதில் சேமித்த படங்களும் போய்விடும். அம்மாவின் பெயரில் திறந்த கணக்கு என்றால், பிள்ளைகளில் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்கவேண்டும்.