நம்பிக்கைகளும் உண்மைகளும்: தாத்தா காலத்து இரட்டைக்குழல்

ஓமந்தூர், திண்டிவனம், மரக்காணம் பக்கத்தில் பழைய நிலக்காரர் வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தால், கூடவே ஒரு கதையும் இருக்கும். கழுவெளிச் சதுப்பில் தாத்தா வாத்து சுட்டது, தன் ஊருக்குத் திரும்பும்போது வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனது என்று ஏதாவது சொல்வார்கள். விவரம் தெரிந்தவர் கதையைக் கேட்டுக்கொண்டே குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

“லண்டன் என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் லண்டன் துப்பாக்கிதான்.”

மேலே பொறித்த பெயர் பல சமயம் செய்தவர் பெயரல்ல, விற்ற கடையின் பெயர். நாம் கடிகாரக் கடையாக அறிந்த சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் தன் பெயர் பொறித்த துப்பாக்கியும் விற்றது. அப்படிக் கடைப் பெயரில் வந்தவற்றில் நிறைய பர்மிங்காம் பட்டறைகளில் உருவானவை. அதில் தப்பொன்றும் இல்லை, தரமான வேலைதான். தப்பு வேறு இடத்தில் நடந்தது. பெல்ஜியத்து மலிவுச் சரக்கில் பேர்பெற்ற ஆங்கிலேயப் பெயர்களை ஒட்டிய பெயர்களைப் பொறித்து உலகம் முழுக்க விற்றார்கள்.

உண்மை தெரிய, தோட்டா போடும் பக்கம் குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைகளைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதித்தது. கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி. இருந்தால் பர்மிங்காம், அதுவும் 1904க்கு முன்பல்ல. ஆகவே “1880இல் வாங்கியது” என்ற கதை பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

“ஓரிடத்தில் 12, இன்னோரிடத்தில் 13 என்று இருக்கிறது. குழலை மாற்றிவிட்டார்கள்.”

அவசரப்பட வேண்டாம். சாய்சதுரத்துக்குள் இருக்கும் 12 தோட்டா உட்காரும் அறையின் அளவு. தனியாக இருக்கும் 13, சோதனை நாளில் குழலின் உள்விட்டம். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம குண்டுகள் வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், அதுதான் 12 போர். 13 என்றால் சுமார் 18. இரண்டும் ஒரே குழலில் இருப்பது சகஜம். ஆனால் 13 என்று முத்திரை உள்ள குழல் இன்று அளந்தால் 18.5 காட்டுகிறது என்றால், துருவைப் போக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். சுவர் மெலிந்துவிட்டது, மதிப்பும் போயிற்று. குழல் மாற்றியதா என்று அறிய வரிசை எண்தான் வழி: குழல், பூட்டுப் பகுதி, முன்கட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

“பாலிஷ் போட்டுப் பளபளவென்று கொடுத்தால் நல்ல விலை.”

இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. எமரித் தாளில் தேய்த்தால் முதலில் மழுங்குவது செதுக்கு வேலையும் முத்திரையும்தான். புதிதாகக் கருநீலம் ஏற்றிய குழலைச் சேகரிப்பவர் தொடவே யோசிப்பார். மெல்ல எண்ணெய்த் துணியால் துடையுங்கள், அது போதும்.

“டமாஸ்கஸ் குழல், இன்னும் நூறு வருஷம் சுடும்.”

இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்ததால் வந்த அந்த வரி அழகுதான். ஆனால் பெரும்பாலான டமாஸ்கஸ் குழல்கள் கரிமருந்துக் காலத்தவை. புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லாவிட்டால் அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது: பழைய அறை பல 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. போட்டால் சுலபமாக உள்ளே போய்விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

“பழசு, அதனால் லைசென்ஸ் வேண்டாம்.”

வம்பில் மாட்டிவிடும் நம்பிக்கை இது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருளுக்குத் தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே. தாத்தாவின் லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்தது. வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பரம்பரையாக வந்ததையும் சேர்த்து, ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்கலாம் என்ற கனவும் வேண்டாம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு அந்தக் கதவை அடைத்திருக்கிறது.

1980களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுவிட்டதால்தான் இங்கே பழைய வெளிநாட்டுச் சரக்குக்கு இந்தக் கிராக்கி. ஆனால் அந்த விலை, சட்டப்படி கைமாறக்கூடிய துப்பாக்கிக்கு மட்டுமே. லைசென்ஸ்காரர் காலமாகியிருந்தால் விலை விசாரிப்பதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். கெடுவுக்குள் மீட்காத துப்பாக்கி அரசுக்குப் போய்விடும்.